சம்மட்டிக்காரனுக்கு எலுமிச்சை அளவு புளி

கணபதி, கோயமுத்தூர்
17.10.1994

மதிப்புக்குரிய கையூம் பாய் அவர்களுக்கு,

கணபதி பழைய உலோகக் கடை செங்கோட்டையன் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம், ஒருவரைத் தவிர. அந்த ஒருவரைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போனில் சொல்லிவிடலாம் என்று உங்கள் உடுமலை நம்பரை மூன்று தடவை சுழற்றினேன். மணி அடிக்கும் முன்பே வைத்துவிட்டேன். இருபத்தெட்டு வருஷமாகப் பித்தளையும் செம்பும் வாங்கி விற்கிறவன் நான். வாங்குகிறவனுக்கும் பயந்ததில்லை, விற்கிறவனுக்கும் பயந்ததில்லை. உங்கள் ‘ஹலோ’வுக்குப் பயந்துவிட்டேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். போன வாரம் உங்கள் வீட்டில் கெஞ்சிக் கேட்டு வாங்கி வந்தேனே, 1889 பாரிஸ் உலகக் கண்காட்சி மெடல், பட்டறைக்கல் மேல் சம்மட்டியோடு உட்கார்ந்திருக்கும் ஆள். ஈஃபில் கோபுரம் எழுப்பிய வருஷத்தில் பரிசாகக் கொடுத்தது, நூற்றைந்து வயசு, வெறும் விரலால் தொடக்கூடாது, ஓரத்தைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும் என்று வாசல்வரை வந்து சொல்லி அனுப்பினீர்கள். பத்து நாள் என் மேஜை மேல் இருக்கட்டும் என்று நானும் துணி விரித்துத்தான் வைத்திருந்தேன்.

நடுவில் ஆயுத பூஜை வந்துவிட்டது. குடோனில் தராசு, படிக்கல், உளி, சம்மட்டி எல்லாவற்றையும் கழுவுகிற நாள். எங்களிடம் ஒன்பது வருஷமாகச் சரக்குப் பிரிக்கிற சின்னாத்தாள் இருக்கிறார் இல்லையா, அவர் மேஜை மேல் இதைப் பார்த்து, கறுத்துக் கிடக்கிறதே என்று புளி போட்டுத் துலக்கிவிட்டார். துலக்கி, சந்தனம் வைத்து, குங்குமமும் வைத்துவிட்டார். நான் பார்க்கும்போது உங்கள் ஆள் பொரித் தட்டுக்கும் தராசுக்கும் நடுவில் பளபளவென்று உட்கார்ந்திருந்தார்.

உள்ளதைச் சொன்னால், பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஜனவரியில் நடக்கப்போகும் நாணயக் கண்காட்சி வேலை நிற்கவில்லை. நம் ஐந்து பாரிஸ் மெடல்களும், என்னுடைய 1855, 1900, உங்களுடைய 1867, 1878, 1889 எல்லாம் ஒரே பெட்டியில் உட்கார ஆறுச்சாமி சிங்காநல்லூர்ப் பட்டறையில் தேக்கு இழைத்துக்கொண்டிருக்கிறார். கோபத்தை அதில் காட்டிவிடாதீர்கள்.

தங்கள்,
செங்கோட்டையன்


உடுமலைப்பேட்டை
21.10.1994

திரு. செங்கோட்டையன் அவர்களுக்கு,

தங்கள் 17ஆம் தேதியிட்ட கடிதம் கிடைத்தது. ‘பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது’ என்ற வரியை நான்கு முறை படித்தேன். நான்கு முறையும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன்.

ரயில்வே பார்சல் ஆபீசில் முப்பத்து மூன்று ஆண்டுகள் உடைந்து வந்த சரக்குக்கெல்லாம் சேத அறிக்கை எழுதியவன் நான். அந்தப் பழக்கத்தில் கேட்கிறேன். வெறும் புளியா, செங்கல் பொடியும் சேர்ந்ததா? எவ்வளவு புளி? எவ்வளவு நேரம்? துணியால் தேய்த்ததா, தேங்காய் நாராலா? பதில் சுருக்கமாக இருந்தால் போதும்.

சந்தனம், குங்குமம் பற்றித் தாங்கள் சங்கடப்பட்டு எழுதியிருப்பதாகத் தோன்றுகிறது. அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பொட்டு துடைத்தால் போய்விடும். புளி போகாது. அந்தப் பழுப்பு நிறம் அழுக்கல்ல. செய்த அன்று கொடுத்த நிறத்தின் மேல் நூற்றைந்து ஆண்டு தானாகப் படிந்த தோல். தாங்கள் அந்த மனிதனைக் குளிப்பாட்டவில்லை. உரித்திருக்கிறீர்கள்.

நான் என் மருமகனுக்கே கொடுக்காத பொருள் அது. தாங்கள் கேட்ட விதத்தில் மனம் இளகிக் கொடுத்தேன். ஏன் இளகினேன் என்று இப்போது புரியவில்லை.

மெடலைத் திருப்பி அனுப்பவும். ஜனவரிக் கண்காட்சிக்கு என் மூன்றும் வரா. பெட்டியில் குழி அதிகமாக இருந்தால் எலுமிச்சம்பழம் வைத்து நிரப்பிக்கொள்ளவும்.

போன் செய்ய வேண்டாம். செய்தால் என் மகள் இஸ்மத் எடுத்து, நான் வெளியூர் போயிருப்பதாகச் சொல்வாள். அது உண்மையல்ல என்பதையும் இங்கேயே தெரிவித்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
அ. அப்துல் கையூம்


கணபதி
25.10.1994

பாய் அவர்களுக்கு,

எட்டு வருஷத்தில் என்னைத் ‘தாங்கள்’ என்று நீங்கள் எழுதி இன்றைக்குத்தான் பார்க்கிறேன். திட்டியிருந்தால்கூடத் தூங்கியிருப்பேன்.

கேட்டதற்குப் பதில். எலுமிச்சை அளவு புளி. கால் மணி நேரம். துணிதான், நார் இல்லை. செங்கல் பொடி இல்லை.

போன் செய்தேன். இஸ்மத் அம்மணி எடுத்து, “அத்தா வெளியூர் போயிருக்காங்க, இப்பத்தான் பக்கத்துல நின்னுக்கிட்டு சொல்லிட்டுப் போனாங்க” என்றது. நானும் சரி அம்மணி என்று வைத்துவிட்டேன்.

நான் வியாபாரி. எனக்குத் தெரிந்த வழியில் ஒன்று சொல்கிறேன். சேதம் செய்தவன் அதே தரத்தில் வேறு பொருள் கொடுக்க வேண்டும். என் 1900ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பழுப்பு அப்படியே இருக்கிறது, நீங்களே லென்ஸ் வைத்துப் பார்த்து ‘கன்னி கழியாத சரக்கு’ என்று சொன்னதுதான். எனக்கு 1889ஐக் கொடுக்க வேண்டாம். இதையும் அதையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் ஐந்தும் சேர்ந்து உட்கார்ந்தால் எனக்குப் போதும்.

மெடலைத் தபாலில் விட எனக்குத் தைரியமில்லை. வியாழக்கிழமை சின்னாத்தாளே கொண்டு வருகிறார். உக்கடத்தில் நானே பஸ் ஏற்றிவிடுவேன், பொள்ளாச்சியில் எங்கே மாற வேண்டும் என்றும் சொல்லிவிட்டேன். அதிகம் பேசாத ஆள். அவரிடம் கோபிக்க வேண்டாம். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, உலகக் கண்காட்சி என்றால் மாரியம்மன் கோயில் திருவிழாக் கடை மாதிரி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். ரொம்பத் தப்பும் இல்லை.

ஆறுச்சாமி ஐந்து குழியும் தோண்டி நீல வெல்வெட் ஒட்டிவிட்டார். மூன்று காலியாக இருக்கிறது. பல் விழுந்த வாய் மாதிரி இருக்கிறது.

செங்கோட்டையன்


உடுமலைப்பேட்டை
29.10.1994

திரு. செங்கோட்டையன் அவர்களுக்கு,

சின்னாத்தாள் வியாழன் காலை பத்தரைக்கு வந்தார். மெடல் ஒரு துண்டில், துண்டு ஒரு தூக்குப்போசியில், போசி ஒரு மஞ்சள் பையில், பை அவர் மடியில். முப்பத்து மூன்று ஆண்டில் இவ்வளவு ஒழுங்காகக் கட்டிய பார்சலை நான் பார்த்ததில்லை.

அதிகம் பேசாத ஆள் என்று எழுதியிருந்தீர்கள். இரண்டு டம்ளர் டீ, ஒன்றரை மணி நேரப் பேச்சு. இஸ்மத் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டாள்.

நான் கோபிக்கவில்லை. எப்படித் தேய்த்தீர்கள் அம்மா என்று மட்டும் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“நானெங்கீங்க தேச்சேன்? நான் பொட்டு மட்டுந்தானுங்க வெச்சேன். தேச்சது எங்க மொதலாளிங்க. காலங்காத்தால அஞ்சு மணிக்கே தொட்டிகிட்ட குக்கிட்டு உக்காந்து தேச்சுட்டிருந்தாருங்க. கொண்டாங்க நான் தேய்க்கறேன்னு கேட்டேன், குடுக்கவே இல்லீங்க. செங்கப்பொடிகூட அவரே பொடிச்சுக்கிட்டாருங்க.”

பொட்டு எதற்கு என்று கேட்டேன்.

“பாருங்க, கையில சம்மட்டி வெச்சிருக்கறாரு. பட்டறைக்கல்லு மேல உக்காந்திருக்கறாரு. ஒரு அம்மணி பின்னால நின்னு தலைக்கு மாலை வெக்கறா. நம்ம ஆளுங்க இவரு. அத்தனை சாமானுக்கும் பொட்டு வெச்சுப்போட்டு இவரை மட்டும் உட்டா மனசு கேக்குமுங்களா?”

கேட்காது என்றேன். வேறு என்ன சொல்வது?

ஆக, ஒரு பாவமும் அறியாத மனுஷி மேல் பழியைப் போட்டு, அதை அவரிடம் சொல்லக்கூட இல்லாமல், அவர் கையிலேயே மெடலைக் கொடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். செங்கல் பொடி இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள். லென்ஸில் பார்த்தேன். சம்மட்டிக்காரனின் மூக்கு நுனி மழுங்கியிருக்கிறது.

தேய்த்ததைப் பொறுத்துக்கொள்ள ஏதாவது வழி தேடிக்கொண்டிருந்தேன். பொய்யை என்ன செய்வது? தங்கள் 1900 எனக்கு வேண்டாம். என்னுடன் பேசுகிறவர் நேராகப் பேசுகிறவர் என்று எட்டு வருஷம் நம்பியிருந்தேன். அதற்கு ஈடாக எந்த மெடலும் இல்லை.

அ. அப்துல் கையூம்


கணபதி
7.11.1994

பாய் அவர்களுக்கு,

தீபாவளி கழியட்டும் என்று காத்திருந்தேன். நல்ல நாளில் என் பேரைக் கடிதத்தில் பார்த்து உங்களுக்குச் சாப்பாடு இறங்காமல் போக வேண்டாம் என்றுதான்.

முதலில் குடோன் சமாச்சாரம். சின்னாத்தாளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது, நானே சொன்னேன். இடுப்பில் கை வைத்து நின்றார். “பொய் சொல்றதுன்னா சொல்லுங்க, மொதலாளி. எங்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லியல்ல அனுப்போணும்? நானும் ஆமாங்கன்னு சொல்லியிருப்பேன். இப்ப ரெண்டு பேர் மானமும் உடுமலை பஸ்ஸுல போயிருச்சு” என்றார். என் வீட்டில் காளியாத்தாள் மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் பேசினாள். பேசாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

தேய்த்தது நான்தான். புளி எலுமிச்சை அளவு இல்லை, அதைப்போல இரண்டு பங்கு. செங்கல் பொடியும் நான்தான். நேரம் அரை மணி. துணியும், கடைசியில் கொஞ்சம் நாரும்.

ஏன் என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன்.

பதினான்கு வயசில் சிங்காநல்லூரில் ஒரு பழைய இரும்புக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். மில்லில் கழித்துப் போட்ட மோட்டாரைச் சம்மட்டியால் உடைத்துச் செம்புக் கம்பி உருவுகிற வேலை. எட்டு வருஷம் உடைத்தேன். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை என் சம்மட்டியை நானே தேய்த்துக் கொண்டுபோய் வைப்பேன். கடைக்காரர் அதற்குச் சந்தனம் வைப்பார், பூ வைப்பார், கண்ணில் ஒற்றிக்கொள்வார். அதைப் பிடித்த கையில் ஒரு பொட்டலம் பொரியைப் போட்டுப் போடா என்பார். குறை சொல்லவில்லை. அன்றைக்கு வழக்கம் அது.

எண்பத்தாறில் ஒரு சரக்குக் கட்டில் அகப்பட்ட 1855 மெடலைத் தூக்கிக்கொண்டு, இது என்ன காசு என்று கேட்டு உங்கள் ஆபீசுக்கு வந்தேன். நீங்கள் சிரித்துவிட்டு, வீட்டுக்குக் கூட்டிப்போய் உங்கள் 1889ஐக் காட்டினீர்கள். எங்கேயோ பாரிஸில், ஒரு தேசமே பெண்ணுருவில் நின்று, சம்மட்டி பிடித்தவன் தலையில் கிரீடம் வைக்கிறது. துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நீங்கள் தூசி என்று நினைத்து ஜன்னலைச் சாத்தினீர்கள். நான் மெடல் சேர்க்க ஆரம்பித்தது அன்றைக்குத்தான். விலை ஏறும் என்று வெளியே சொல்லிக்கொண்டதெல்லாம் வியாபாரிப் பேச்சு.

இந்த வருஷம் ஆயுத பூஜை அன்று அவர் என் மேஜையில் இருந்தார். அத்தனை சாமானும் பளபளக்க அவர் மட்டும் கறுப்பாக உட்கார்ந்திருந்தார். நீங்கள் சொன்னது அத்தனையும் ஞாபகத்தில் இருந்தது. இருந்தும் கை போய்விட்டது. சம்மட்டியைத் தேய்க்காமல் பூஜைக்கு வைத்து எனக்குப் பழக்கமில்லை.

செய்தது அது. அதை நேராகச் சொல்ல வெட்கப்பட்டு ஒரு பெண்பிள்ளை மேல் போட்டேன். தேய்த்ததற்கு எனக்கு முழு வருத்தம் வரமாட்டேன் என்கிறது, பாய். அதையும் பொய்யில்லாமல் சொல்லிவிடுகிறேன். பொய் சொன்னதற்கு முழுசாக வருகிறது.

கண்காட்சிக்கு நானும் பேர் கொடுக்கவில்லை. பெட்டியை அலமாரி மேல் ஏற்றிவிட்டேன்.

செங்கோட்டையன்


உடுமலைப்பேட்டை
21.11.1994

அன்புள்ள கவுண்டரே,

நலமா? வீட்டில் காளியாத்தாள் அம்மா பேசுகிறார்களா?

உங்கள் கடிதம் வந்து பதினோரு நாள் ஆகிறது. தினமும் பதில் எழுத உட்கார்வேன். இஸ்மத் நேற்று, “அத்தா, பேனாவுல மையில்லையா, மனசுல இல்லையா?” என்று கேட்டாள். இரண்டிலும் இருக்கிறது. எழுத வேண்டிய விஷயம்தான் வெளியே வர மறுக்கிறது.

என் 1878 மெடல் உங்களுக்குத் தெரியும். மற்ற நான்கைவிடக் கொஞ்சம் கறுப்பாக, ஒரே சீராக இருக்கும். ஏன் என்று ஒருமுறை கேட்டீர்கள். அந்த வருஷம் பிரான்சில் வெண்கலக் கலவையே வேறு என்று சொன்னேன். நீங்கள் தலையாட்டினீர்கள்.

கலவை ஒன்றும் வேறில்லை.

அதை 1961இல் மெட்ராஸ் மூர் மார்க்கெட்டில் வாங்கினேன். என் முதல் மெடல். கல்யாணமான புதிது. மனைவிக்குக் காட்டும் முன்பு கொஞ்சம் பளிச்சென்று இருக்கட்டுமே என்று பித்தளைப் பாலிஷ் போட்டேன். போதாதென்று பல்பொடியும் போட்டேன். கண்ணாடி மாதிரி வந்தது. அவளும் ரொம்ப அழகு என்றாள். ஒரு மாதம் கழித்து ஒரு பெரிய சேகரிப்பாளர் வீட்டுக்கு வந்தார். மெடலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டீயைக் குடிக்காமலே எழுந்து போய்விட்டார்.

அன்றைக்கே அதை நூலில் கட்டி அடுப்புக்கு மேலே தொங்கவிட்டேன். மூன்று மாதம் தொங்கியது. பக்கத்தில் கருவாடு. வந்தவர்கள் எல்லாம், இதென்ன வட்டமான கருவாடு என்று கேட்டார்கள். என் மனைவி ஒருவரிடமும் காட்டிக்கொடுக்கவில்லை. இறக்கும்வரை அவளுக்கும் எனக்கும் மட்டுமே தெரிந்த விஷயம் அது.

உங்களுக்கு ‘உரித்திருக்கிறீர்கள்’ என்று எழுதினேனே, அந்த வார்த்தை முப்பத்து மூன்று வருஷமாக என்னிடம் தயாராக இருந்தது. எனக்காக வைத்திருந்தது. உங்கள் மேல் எறிந்துவிட்டேன்.

நீங்கள் பத்து நாள் பொய்யைக் காப்பாற்றினீர்கள். நான் உங்களிடம் மட்டுமே எட்டு வருஷம் காப்பாற்றியிருக்கிறேன். இப்போது எந்த முகத்தோடு கோபப்படுவது?

ஜனவரிக்குப் பேர் கொடுத்துவிடுங்கள். மூன்றையும் கொண்டு வருகிறேன். ஒரே ஒரு நிபந்தனை. இரண்டு மெடலுக்கும் முன்னால் உண்மையை அட்டையில் எழுதி வைக்க வேண்டும். பரிசு கிடைக்காது. பரவாயில்லை.

அன்புடன்,
கையூம்


கணபதி
25.11.1994

அன்புள்ள பாய்,

‘அன்புள்ள கவுண்டரே’ என்ற வரியைக் கடையில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தேன். சின்னாத்தாள், “மேல படிங்க, திட்டு இருக்குதான்னு பாருங்க” என்றார். இல்லை என்றேன். “அப்பச் செரி” என்று சரக்குப் பிரிக்கப் போய்விட்டார்.

பெட்டியை அலமாரியிலிருந்து இறக்கிவிட்டேன். பேரும் கொடுத்துவிட்டேன்.

கருவாட்டு விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. எனக்கு எட்டு வருஷமாகத் தெரியும்.

ஊர் ஊராகப் போய்ப் பழைய பாத்திரம் வாங்கித் தொழில் கற்றவன் நான். தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஒரு வருஷம் முழுக்க வீட்டு வீட்டுக்கு ஏறி இறங்கியிருக்கிறேன். சும்மா கிடந்து கறுத்த வெண்கலம் ஒரு மாதிரி, அடுப்புப் புகையில் கறுத்த வெண்கலம் ஒரு மாதிரி. கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்த்தே சொல்வேன். உங்கள் 1878 மழை நாளில் கொஞ்சம் வாசனை வேறு அடிக்கும். பிரான்ஸ் வாசனை இல்லை அது.

கலவை வேறு என்று நீங்கள் சொன்னபோது தலையாட்டினேன் என்கிறீர்கள். வேறென்ன செய்வது? வெண்கலக் கலவை பற்றி எனக்கே பாடம் சொல்கிற அளவுக்கு ஒரு மனுஷன் போகிறார் என்றால், அந்த விஷயம் அவரை எவ்வளவு உறுத்துகிறது என்று தெரிந்துவிட்டது. தோண்டக் கூடாது என்று விட்டுவிட்டேன்.

ஆனால் கருவாடு என்று தெரியாது. சத்தியமாகத் தெரியாது. கடையில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன்.

உங்கள்,
செங்கோட்டையன்


உடுமலைப்பேட்டை
1.12.1994

கவுண்டரே,

தெரிந்துமா? அந்த எட்டு வருஷமும் ‘மெடலைச் சுத்தம் செய்யவே கூடாது’ என்று உங்களுக்குப் பாடம் நடத்தினேனே. ஒருமுறை கரும்பலகைகூட வைத்தேனே. எப்படி முகத்தை அப்படி வைத்துக்கொண்டிருந்தீர்கள்?

இஸ்மத்திடமும் சொல்லிவிட்டேன். வீட்டில் இனி மீன் வாங்கினால் மெடல் எங்கே என்று தேடுகிறாள்.

அட்டை எழுதிவிட்டேன். என் கையெழுத்திலேயே இருக்கட்டும். “1878, பாரிஸ். சுத்தம் செய்யப்பட்டது, 1961.” “1889, பாரிஸ். சுத்தம் செய்யப்பட்டது, ஆயுத பூஜை, 1994.” கருவாட்டை எழுத மனம் வரவில்லை. அதைக் கேட்கிறவர்களுக்கு வாயால் சொல்லிக்கொள்ளலாம்.

ஜனவரி 7 காலை முதல் பஸ்ஸுக்கு வாரேன்.

கையூம்


கணபதி
9.1.1995

அன்புள்ள பாய்,

சுகமாகப் போய்ச் சேர்ந்தீர்களா? ஞாயிறு மதியமே பஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டீர்கள். அதற்குப் பின்னால் நடந்ததை எழுதாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

நடுவர்கள் மூன்று பேரும் அட்டையைப் படித்ததும் நடையைக் கட்டியதை நீங்களே பார்த்தீர்கள். மூன்றாமவர் உங்கள் கையைக் குலுக்கி, “இப்படி எழுதி வைத்த ஆளை நான் பார்த்ததில்லை” என்றாரே, அது பாராட்டா பரிதாபமா என்று பொள்ளாச்சி வரும்வரை யோசித்திருப்பீர்கள். பரிசு நமக்கு இல்லை. முதல் பரிசு ஒரு நவாப் காசுக்காரருக்குப் போனது. நல்ல சரக்குத்தான்.

நாலு மணிக்குச் சின்னாத்தாள் வந்தார். தனியாக இல்லை. எங்கள் தெரு பவுண்டரி ஆட்கள், லேத் பட்டறை ஆட்கள், பெண்கள், மொத்தம் இருபது பேருக்கு மேல். ஞாயிற்றுக்கிழமைச் சட்டை, எண்ணெய் வைத்த தலை. ராஜா காலத்துக் காசு, நவாப் காசு, எதையும் நின்று பார்க்கவில்லை. நேராக நம் பெட்டிக்கு வந்தார்கள். சின்னாத்தாள் முன்னால் நின்றுகொண்டார்.

“இவருதானுங்க. நான் பொட்டு வெச்ச ஆளு.”

பவுண்டரியில் அச்சு எடுக்கிற சாமுவேல் குனிந்து பார்த்தான். “பட்டறைக்கல்லு நல்ல கல்லா இருக்குது. அந்தம்மா யாருங்க, மொதலாளியம்மாவா?”

“மொதலாளியம்மா இல்லடா. அவங்க நாடே பொம்பளையா வந்து நிக்குதாமா. தலைக்குக் கிரீடம் வெக்கறா” என்றார் சின்னாத்தாள்.

“கிரீடம் செரிங்க. போனசு குடுத்தாங்களான்னு பாய் எழுதி வெச்சிருக்காரா பாருங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். சத்தம் போடாதீர்கள் என்று சொல்ல ஓடி வந்த நாணயச் சங்கச் செயலாளரும் நின்று பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

இனிமேல்தான் விஷயம். சாமுவேல் உங்கள் அட்டையைச் சத்தமாகப் படித்தான். “சுத்தம் செய்யப்பட்டது, ஆயுத பூஜை.” படித்துவிட்டுத் தலையாட்டினான். “பரவால்லீங்க. வெளிநாட்டுச் சரக்கா இருந்தாலும் நம்ம நாள்ல மறக்காம சுத்தம் பண்ணியிருக்கறாங்க.” பின்னால் நின்ற பெண் ஒருத்தி 1878ஐக் காட்டி, “இது பாவம், அறுவத்தொண்ணுக்கப்புறம் ஆருமே தொடல போல. எப்படிக் கறுத்துக் கெடக்குது பாருங்க” என்றாள். நீங்கள் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி எழுதி வைத்த இரண்டு வரியும் அவர்களுக்கு நற்சான்றிதழ் ஆகிவிட்டது, பாய். நான் திருத்தவில்லை.

போகும்போது ஒவ்வொருவராகக் கண்ணாடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். கடைசியில் கண்ணாடி முழுக்கக் கைரேகை. அதைத் துடைக்கலாமா, கூடாதா? நீங்கள் சொல்லும்வரை துடைக்க மாட்டேன்.

மூன்று மெடலும் என் பீரோவில் பூட்டி இருக்கிறது. பொங்கல் முடிந்து நானே கொண்டு வந்து கொடுக்கிறேன். பூட்டின பீரோவில் புளி இல்லை.

உங்கள்,
செங்கோட்டையன்


உடுமலைப்பேட்டை
13.1.1995

அன்புள்ள கவுண்டரே,

கண்ணாடியைத் துடைக்கலாம். மெல்ல.

உங்கள் கடிதத்தை இஸ்மத்துக்கு வாசித்துக் காட்டினேன். சாமுவேல் கேட்ட போனஸ் கேள்வியைப் பாரிஸுக்கு எழுதிக் கேட்கலாம் என்றிருக்கிறேன்.

யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். 1867ஐயும் 1878ஐயும் கொண்டு வாருங்கள். சம்மட்டிக்காரன் அங்கேயே இருக்கட்டும். என் அலமாரியில் முப்பது வருஷம் இருந்தான். ஒருவரும் அவனைப் பார்த்து நம்ம ஆள் என்று சொன்னதில்லை. மூக்கு மழுங்கினாலும் இடம் கண்டுபிடித்துவிட்டான். ‘திருப்பி அனுப்பவும்’ என்று எழுதியவன்தான் சொல்கிறேன், எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் 1900 பேச்சை மறுபடியும் எடுத்தால் இந்தக் கடிதத்தைத் திருப்பி வாங்கிக்கொள்வேன்.

அடுத்த ஆயுத பூஜைக்கு நானே வாரேன். அவனுக்குப் பொட்டு சின்னாத்தாள் வைக்கட்டும், புளி மட்டும் கிட்டே வரக் கூடாது. தொட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காவல் காப்பேன்.

இன்னொன்றையும், நீங்கள் இல்லாத நேரம் பார்த்துக் கடைக்குப் போன் செய்து, சின்னாத்தாளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அன்றைக்குச் சம்மட்டிக்குச் சந்தனம் வைத்து முடித்ததும் உங்கள் வலது கையைக் கேட்பார். மறுக்காமல் நீட்டுங்கள். நீட்டும் முன்பு நன்றாகத் தேய்த்துக் கழுவிக்கொள்ளுங்கள்.

அந்தக் கைக்கு எவ்வளவு புளி வேண்டுமானாலும் போடலாம். எனக்கு ஆட்சேபணை இல்லை.

உங்கள்,
கையூம்